புளிக்கும் பாத்திரமும் புலப்படாத அழுக்கும்

விடியற்காலையில் பால்மரம் சீவப் போனவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மரத்தைச் சீவுவதற்கு முன் மங்கைக் கையில் எடுப்பார்கள். முதல் நாள் அதன் அடியில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலைப் பிடுங்கிக் கூடையில் போடுவார்கள். பிறகு மங்கின் உட்புறத்தைத் துடைத்துவிட்டுத்தான் மீண்டும் அதனிடத்தில் வைப்பார்கள். வேலை முடிந்ததும் காண்டா வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்கள்.

"மங்கை ஏன் துடைக்க வேண்டும்? நாளைக்கும் அதே பால்தானே வடியப் போகிறது?" என்று கூடப்போன பிள்ளை கேட்டிருக்கும். "அழுக்கு மங்கில் பால் சீக்கிரம் உறைந்துபோகும். வாளிப்பால் திரிந்து போனால் சம்பளத்தில் அல்லவா கை வைப்பார்கள்!" என்று தாயோ தந்தையோ பதில் சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பதிலுக்குள் ஒரு பெரிய விஞ்ஞானம் அடங்கியிருக்கிறது. மரத்திலிருந்து வடியும்போது ரப்பர்ப் பால் ஏறத்தாழத் தூய்மையாகவே இருக்கிறது. மங்கிலும் வாளியிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா என்னும் நுண்கிருமிகள்தாம் அதற்குள் புகுகின்றன. அவை பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் ஏற ஏறப் பால் திரிகிறது. ஸ்டோரில் பார்மிக் அமிலத்தை ஊற்றி நாமாகச் செய்கிற வேலையை, அழுக்கு வாளிக்குள் இருக்கும் கிருமிகள் நம்மைக் கேட்காமலே செய்துவிடுகின்றன!

பால்மரங்கள் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனாலும் மங்கு சொல்லிக் கொடுத்த அந்தப் பாடம் நம் அடுப்படியில் இன்றும் தேவைப்படுகிறது. தோசை மாவைப் புளிக்க வைக்கிறோம். பாலில் உறை ஊற்றித் தயிராக்குகிறோம். சில வீடுகளில் பண்டிகைக்கு இஞ்சி பியர் போடுகிறார்கள். அண்டை வீட்டு மலாய்க்காரர்கள் தாப்பாய் செய்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர் பொழுதுபோக்காக வீட்டிலேயே பியர் காய்ச்சிப் பார்க்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: நொதித்தல், அதாவது புளிக்க வைத்தல். இவை எல்லாவற்றையும் கெடுப்பதும் ஒன்றே: சரியாகச் சுத்தம் செய்யாத பாத்திரம்.

ஆகவே, புளிக்க வைக்கும் பாத்திரத்தை எப்படிச் சுத்தம் செய்வது என்பதைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன். இதற்குப் பியர்ப் பாத்திரத்தையே முதன்மையான எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்கிறேன். நேயர்கள் திகைக்க வேண்டாம். குடிக்கச் சொல்லிக் கொடுப்பது என் நோக்கமன்று. குடியால் நம் மக்கள் பட்ட பாடு போதும். பாத்திரச் சுத்தம் சிறிது தவறினாலும் பியர் கெட்டுவிடும். அதனால் இந்தக் கலையை மனிதர் நுணுக்கமாகக் கற்றுக்கொண்டதே பியர்த் தொட்டியின் அருகில் நின்றுதான். அங்கே கற்ற பாடம் நம் மாவுக் குண்டானுக்கும் தயிர்ச் சட்டிக்கும் அப்படியே பொருந்துகிறது.

சட்டத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம். சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்கு மட்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மிகாமல், பியர் போன்ற நொதித்த பானங்களைச் செய்துகொள்ள அனுமதி உண்டு. அதை விற்கக் கூடாது. வடித்துச் சாராயமாக்குவது அங்கும் குற்றமே.

இனி, பியர் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். பார்லித் தானியத்தை முளைகட்டி, உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊற வைத்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதில் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைப் போட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். பிறகு அதை ஆற வைத்து, ஒரு பெரிய வாளியில் ஊற்றி, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைத் தூவி மூடி வைக்கிறார்கள். ஈஸ்ட் சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று, மதுவையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. ஒன்றிரண்டு வாரங்களில் அது பியராகிவிடும்.

இதில் ஆபத்தான நேரம் எது தெரியுமா? சாறு கொதித்துக்கொண்டிருக்கும்போது பயமில்லை. கொதியில் கிருமிகள் மடிந்துவிடும். ஈஸ்ட் பெருகி, சாற்றில் மதுவும் புளிப்பும் ஏறிய பின்னரும் அவ்வளவாகப் பயமில்லை. இரண்டுக்கும் நடுவில், சாறு ஆறிப்போய், ஈஸ்ட் இன்னும் வேலையைத் தொடங்காமல் இருக்கும் அந்தச் சில மணி நேரம்தான் ஆபத்தானது. இளஞ்சூடான இனிப்புச் சாறு, காவலில்லாத வீடு போலத் திறந்து கிடக்கிறது. அப்போது அதைத் தொடுகிற வாளி, கரண்டி, குழாய், மூடி ஆகிய ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் கிருமி உள்ளே நுழைந்து குடியேறிவிடும்.

கிருமி எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நம் நாட்டு வெப்பத்தில், அரை மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும் கிருமி ஒன்று இரவு 10 மணிக்குப் பாத்திரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10.30-க்கு இரண்டு; 11-க்கு நான்கு; 11.30-க்கு எட்டு. இப்படியே போனால் காலை 8 மணிக்கு அது 10 லட்சத்துக்கும் மேலாகிவிடும்! ஒரே ஒரு கிருமியின் கதை இது. சரியாகக் கழுவாத பாத்திரத்தில் ஒன்றா இருக்கும்?

இந்த உண்மையைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர். 1856-ஆம் ஆண்டில் அவர் லீல் நகரத்தில் பேராசிரியராக இருந்தார். அவருடைய மாணவர் ஒருவரின் தந்தை, பீட்ரூட் கிழங்கிலிருந்து மதுசாரம் எடுக்கும் ஆலை நடத்தி வந்தார். அங்கே சில தொட்டிகள் நன்றாக நொதித்தன. சில தொட்டிகள் புளித்துப் பாழாயின. காரணம் தெரியாமல் அவர் பாஸ்டரிடம் வந்தார். இரண்டு வகைத் தொட்டிகளிலிருந்தும் துளித்துளி எடுத்து நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார் பாஸ்டர். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட் அணுக்கள் தெரிந்தன. கெட்ட தொட்டியிலோ குச்சி குச்சியாக மிகச் சிறிய வேறு உயிர்கள் நெளிந்தன. புளிப்புக்குக் காரணம் விதியுமன்று, கண்ணேறுமன்று. அழையாமல் வந்த இந்தக் குச்சிக் கிருமிகளே என்று தெளிவாயிற்று. பின்னர் 1876-இல், பியர் கெட்டுப்போவதற்கான காரணங்களை ஆராய்ந்து அவர் ஒரு தனி நூலையே வெளியிட்டார்.

அதற்குப் பின் 1883-இல், டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பவர், தனியொரு ஈஸ்ட் அணுவைப் பிரித்தெடுத்து, அதன் சந்ததியை மட்டும் வளர்த்துப் பியர் காய்ச்சும் முறையைக் கண்டார். நல்ல ஈஸ்ட்டோடு கெட்ட ஈஸ்ட்டும் கலந்துவிட்டால் பியர் பாழாகும் என்பதை அவர் மெய்ப்பித்தார். நல்ல விதை வேண்டும், நல்ல நிலமும் வேண்டும் என்று நம் முன்னோர் சொல்வது போல, நல்ல ஈஸ்ட்டும் வேண்டும், அதற்குச் சுத்தமான பாத்திரமும் வேண்டும் என்பது அன்றே முடிவாகிவிட்டது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சுத்தம் செய்வது என்றால் ஒரு வேலையன்று, இரண்டு வேலை. ஒன்று கழுவுதல், மற்றொன்று கிருமி நீக்குதல். இரண்டும் வேறு வேறு. வரிசையும் மாறக்கூடாது. முதலில் கழுவ வேண்டும். பிறகுதான் கிருமி நீக்க வேண்டும்.

ஏன் இந்த வரிசை? அழுக்கு ஒட்டியிருக்கும் பாத்திரத்தில் எவ்வளவு மருந்து ஊற்றினாலும், மருந்தின் வலுவெல்லாம் அழுக்கோடு போராடியே தீர்ந்துபோகும். அழுக்குப் படலத்தின் அடியில் பதுங்கியிருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. சேற்றுக் காலோடு நின்றுகொண்டு தலைக்குப் பன்னீர் தெளித்துக்கொள்வதைப் போன்றது அது.

முதல் வேலையைப் பார்ப்போம். பியரை வேறு பாத்திரத்துக்கு மாற்றியதும், வாளியின் உட்புறத்தில் ஒரு வளையம் தெரியும். நுரை பொங்கி நின்ற இடம் அது. ஈஸ்ட்டும் ஹாப்ஸ் பிசினும் தானியப் புரதமும் சேர்ந்து அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். அது காய்வதற்கு முன், அப்போதே, தண்ணீர் ஊற்றி அலசிவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது விரல் பட்டாலே போய்விடுகிற அழுக்கு, ஒரு நாள் காய்ந்துவிட்டால் கல்லாக இறுகிவிடும். தோசை மாவுக் குண்டானின் விளிம்பில் காய்ந்த மாவைச் சுரண்டிய தாய்மார்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அலசிய பின் ஊற வைக்க வேண்டும். வெந்நீரில் சலவைச் சோடாவை, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கரைத்து, வளையம் முழுவதும் மூழ்கும்படி பாத்திரத்தை நிரப்பி, இரவு முழுவதும் விட்டுவிடலாம். சோடாவின் காரம், எண்ணெய்ப்பசையையும் புரதத்தையும் இளக்கிவிடும். பியர் காய்ச்சுவோர் பலர், சோடியம் பெர்கார்பனேட் என்னும் தூளைப் பயன்படுத்துகிறார்கள். அது வெந்நீரில் கரையும்போது பிராணவாயுவை வெளியிட்டு, அழுக்கை உள்ளிருந்து பெயர்த்தெடுக்கும். நான்கு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதுமானது. இவற்றைக் கையாளும்போது கையுறை அணிவது நல்லது. ஆலைகளில் தொட்டி கழுவப் பயன்படும் காஸ்டிக் சோடாவை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். ஒரு துளி கண்ணில் பட்டாலே பார்வை போய்விடலாம்.

மறுநாள் மென்மையான துணியால் துடைத்து, நிறைய நீர் விட்டு அலச வேண்டும். பிளாஸ்டிக் வாளியைக் கம்பி நாரால் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் பளபளப்பு வரும் என்று நினைக்கிறோம்; வருவது கீறல். நமக்கு அது மயிரிழைக் கீறல். கிருமிக்கோ அது ஓர் ஆழமான பள்ளத்தாக்கு. அதற்குள் ஒளிந்துகொண்டால் எந்தத் துணியும் அதை எட்டாது. கீறல் விழுந்த வாளியைப் புளிக்க வைப்பதிலிருந்து நீக்கி, துணி ஊற வைக்கவோ தோட்டத்துக்கு நீர் மொள்ளவோ வைத்துக்கொள்ளலாம். வாசனையுள்ள சோப்பு நீரையும் தவிர்க்க வேண்டும். அந்த வாசனை பிளாஸ்டிக்கில் ஏறிக்கொள்ளும். மிச்சமிருக்கும் சோப்பு, பியரின் நுரையையும் அமுக்கிவிடும்.

பலர் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு. வாளியின் அடியில் குழாய் பொருத்தியிருந்தால், அதைக் கழற்றித் திருகு மரைகளையும் ரப்பர் வளையத்தையும் தனித்தனியாகக் கழுவ வேண்டும். மூடியின் விளிம்புப் பள்ளம், வாயு வெளியேறும் குழல் ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது. வாளி கண்ணாடி போல் மின்னும். பியரோ ஒவ்வொரு முறையும் புளித்துப் போகும். கழற்றிப் பார்த்தால் குழாய்க்குள் பழைய பியரின் சேறு உட்கார்ந்திருக்கும்!

இனி இரண்டாவது வேலை, கிருமி நீக்குதல். இதைப் பயன்படுத்துவதற்குச் சற்று முன்புதான் செய்ய வேண்டும். நேற்றுச் செய்துவிட்டு இன்று ஊற்றினால், இடையில் தூசியும் ஈயும் பழைய கதையைத் தொடங்கிவிடும்.

எவர்சில்வர் பாத்திரமானால் கொதிநீரே சிறந்த மருந்து. கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூடி, சில நிமிடம் வைத்துக் கொட்டிவிடலாம். கண்ணாடிச் சாடியில் திடீரென்று கொதிநீர் ஊற்றினால் வெடித்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் நெளிந்துவிடும். அவற்றுக்கு வெளுப்பு நீரைப் பயன்படுத்தலாம். நாம் பொதுவாகக் குளோராக்ஸ் என்று சொல்வது அதைத்தான். வாசனை சேர்க்காத சாதாரண வெளுப்பு நீரில், நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். 20 நிமிடம் ஊற வைத்துவிட்டு, கொதித்து ஆறிய நீரால் நன்றாக அலச வேண்டும். அலசாவிட்டால் பியரில் மருந்துக்கடை நாற்றம் அடிக்கும். வெளுப்பு நீரை எவர்சில்வரில் நெடுநேரம் விட்டால் அதில் பொட்டுப் பொட்டாக அரிப்பு உண்டாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். பியர் காய்ச்சுவோருக்கென்று விற்கப்படும் அயோடின் கலவைகளும் பாஸ்போரிக் அமிலக் கலவைகளும் உண்டு. அவற்றைப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் அளவின்படியே பயன்படுத்த வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தயவுசெய்து வானொலியின் ஓசையைச் சற்று உயர்த்திக் கேளுங்கள். வெளுப்பு நீரை வேறு எதனோடும் கலக்காதீர்கள். பாத்திரத்தில் படியும் சுண்ணாம்புக் கறையைப் போக்கச் சிலர் வினிகர் ஊற்றுவார்கள். அது நல்ல முறைதான். ஆனால் அதோடு வெளுப்பு நீர் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பும். சிறிய குசினிக்குள் நின்று அதைச் சுவாசித்தால் நுரையீரல் வெந்துவிடும். தோட்டத்து மக்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமும், உறையாமல் காக்கும் அம்மோனியாவும் நமக்குப் பழக்கமான பொருள்கள். வெளுப்பு நீரோடு அமிலம் சேர்ந்தாலும் நஞ்சு. அம்மோனியா சேர்ந்தாலும் நஞ்சு. அந்த டின்கள் வீட்டுக்கே வரக்கூடாது.

டின் என்று சொன்னதும், இன்றைய பேச்சில் நான் மிகவும் சொல்ல விரும்பிய செய்திக்கு வந்துவிட்டேன்.

தோட்டங்களில் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வருகிற பிளாஸ்டிக் கலன்களைப் பார்த்திருப்பீர்கள். கெட்டியானவை, மூடி இறுக்கமானது, காசு கொடுக்க வேண்டியதில்லை. "சோப்புப் போட்டு ஏழு தடவை கழுவிவிட்டேன், வாடையே இல்லை" என்று சொல்லி, அதில் தண்ணீர் பிடித்து வைப்பவர்களும், ஊறுகாய் போடுபவர்களும், பானம் புளிக்க வைப்பவர்களும் உண்டு. நேயர்களே, இதுவரை நான் சொன்ன கழுவும் முறைகளில் ஒன்றுகூட அந்தக் கலனைச் சுத்தமாக்காது. கிருமி என்பது பாத்திரத்தின் மேலே ஒட்டியிருப்பது. மருந்தோ பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிப்போவது. கொதிநீரால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. புளிப்பான பொருளை அதில் நாட்கணக்கில் வைத்தால், ஊறியிருக்கும் நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக அதில் இறங்கும்.

பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஒரு வாய் விழுங்கினாலே உயிரைக் குடிக்கக்கூடிய மருந்து அது. ஆனால் பழைய கலன்கள் எங்கேனும் கொட்டகை மூலையில் கிடக்கலாம். மற்ற மருந்துகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. காலியான கலனை மும்முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, கலனைத் துளையிட்டு, தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைப்பதுதான் முறை. துளையிடச் சொல்வது எதற்காக? அந்தக் கலன் இன்னொரு குடும்பத்தின் அடுப்படிக்குப் போய்ச் சேரக்கூடாது என்பதற்காகத்தான்.

அப்படியானால் எந்தப் பாத்திரத்தில் புளிக்க வைக்கலாம்? கண்ணாடியும் எவர்சில்வரும் முதல் தரம். பிளாஸ்டிக்கானால் உணவுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். கோப்பையும் முள்கரண்டியும் வரைந்த குறி அதன் அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியம் புளிப்புக்கும் ஆகாது. சலவைச் சோடாவுக்கும் ஆகாது. இரண்டும் அதை அரிக்கும். துத்தநாகம் பூசிய தகர வாளியில் புளிப்பான பானத்தை வைத்தால், துத்தநாகம் கரைந்து வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாகும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் நம் பாட்டிமார் அதில் புளிக்குழம்பு வைக்கமாட்டார்கள் அல்லவா? புளிப்பு உலோகத்தைக் கரைக்கும் என்ற அறிவு அது. அழகுக்காக வண்ணப் பூச்சுப் பூசிய மண்சாடிகளையும் தவிர்ப்பது நல்லது. சில பூச்சுகளில் காரீயம் இருக்கும்.

இனி, பியரை விட்டு நம் வீட்டுக்குத் திரும்புவோம்.

தயிர்ச் சட்டியை முதலில் பச்சைத் தண்ணீரால் அலசுங்கள். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் பாலின் புரதம் வெந்து, பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்பு, கடைசியில் கொதிநீர். தோசை மாவுக்கு உரிய நல்ல கிருமிகள் உளுந்தோடும் அரிசியோடும் தாமாகவே வருகின்றன. பழைய மாவின் மிச்சம் குண்டானில் இருந்தால்தான் புளிக்கும் என்று எண்ண வேண்டாம். விளிம்பில் காய்ந்திருக்கும் பழைய மாவில் கெட்ட கிருமியும் பூஞ்சணமும் சேர்ந்தே இருக்கும். தாப்பாய் செய்யும் மலாய்த் தாய்மார்கள் கையையும் பாத்திரத்தையும் எவ்வளவு கவனமாகச் சுத்தம் செய்கிறார்கள் என்பதைப் பாருங்கள். சுத்தம் தவறினால் தாப்பாய் புளித்துவிடும், நிறம் மாறிவிடும் என்று அவர்கள் பரம்பரை பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் 'பந்தாங்' எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதன் உள்ளே இருப்பது பாஸ்டர் கண்ட உண்மையேதான்.

கள்ளிறக்கும் தொழிலாளிக்கும் இது தெரியும். முன்பு இறக்கிய கள்ளின் மிச்சம் முட்டியில் இருந்தால், மரத்திலிருந்து சொட்டும்போதே சாறு புளிக்கத் தொடங்கிவிடும். அதையே பதநீராக இறக்க வேண்டுமானால், முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பின் காரம் ஈஸ்ட்டையும் மற்றக் கிருமிகளையும் தலையெடுக்க விடாது. ஆக, ஒரே மரத்துச் சாறு கள்ளாவதும் பதநீராவதும் பாத்திரத்தைப் பொறுத்தது!

இஞ்சி பியர் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதைக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வைக்காதீர்கள். அழுக்குப் புட்டியில் தங்கியிருக்கும் காட்டு ஈஸ்ட், நாம் எதிர்பார்க்காத அளவுக்குச் சர்க்கரையைத் தின்று வாயுவை நிரப்பும். புட்டி வெடிகுண்டாகிச் சிதறும். பக்கத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றி, நாள்தோறும் அமுக்கிப் பாருங்கள். புட்டி கல் போல இறுகியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். திறந்து வைத்த பாத்திரத்தை மெல்லிய துணியால் கட்டுங்கள். பழத்தைச் சுற்றும் சிறிய ஈ, காடியை உண்டாக்கும் கிருமியைக் காலில் சுமந்து வருகிறது.

இத்தனை செய்தும் ஒரு முறை கெட்டுவிட்டால் என்ன செய்வது? மேலே வண்ண வண்ணமாகப் பூஞ்சணம் படர்ந்தாலோ, அழுகல் நாற்றம் அடித்தாலோ, நூல் நூலாக இழுபட்டாலோ, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். "காசு போட்டு வாங்கியதாயிற்றே" என்று மேலே வழித்துவிட்டு அடியில் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். கிளினிக்குக்குப் போய்வரும் செலவைவிட ஒரு குண்டான் மாவின் விலை குறைவு. கொட்டிய பின் பாத்திரத்தை இரண்டு முறை கழுவி, இரண்டு முறை கிருமி நீக்குங்கள். குழாய் இருந்தால் கழற்றிப் பாருங்கள். கீறல் இருந்தால் பாத்திரத்தையே மாற்றுங்கள்.

நேயர்களே, கூழானாலும் குளித்துக் குடி என்றார்கள் நம் பெரியவர்கள். நாம் குளிப்பது போலவே, கூழ் இருக்கும் பாத்திரமும் குளிக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. பெரிய செலவும் இல்லை. காய்வதற்கு முன் அலசுங்கள். ஊற வைத்துக் கழுவுங்கள். பயன்படுத்தும் முன் கிருமி நீக்குங்கள். மருந்துக் கலனை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

இருட்டோடு இருட்டாகத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போய், நூற்றுக்கணக்கான மங்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்த கைகள் நம் தாய் தந்தையருடைய கைகள். பிறருடைய ரப்பர் திரிந்துவிடாமல் காக்க அத்தனை கவனம் எடுத்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் உண்ணும் உணவுக்கு அதே கவனத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாமா?